இளஞ்சிவப்பணுக்களை எண்ணிய வரலாறு

கட்டபெட்டு என்னும் எங்கள் ஊர் ஒரு கூட்டுச்சாலை ஊர். இங்கிருந்து ஒரு சாலை குன்னூருக்குச் செல்கிறது, ஒன்று கோத்தகிரிக்கு, மற்றொன்று உதகமண்டலத்துக்கு. தேயிலை மூட்டைகளும் காரட்டு, முட்டைக்கோசு மூட்டைகளும் ஏற்றிய வண்டிகள் இரவும் பகலும் இச்சாலைகளில் ஓடிக்கொண்டே இருக்கும். மாணவ மாணவிகளே, நான் இன்று சொல்லப்போகும் வரலாற்றின் ஒரு பகுதி குன்னூர்ச் சாலையின் முனையில் 1929-ஆம் ஆண்டில் நிகழ்ந்தது. மற்றொரு பகுதி கோத்தகிரியைச் சூழ்ந்த காடுகளில் வாழும் மக்களைப் பற்றியது. இரண்டுக்கும் நடுவில் பாஸ்டன், பம்பாய், லண்டன் முதலிய பெருநகரங்களின் ஆராய்ச்சிக்கூடங்களெல்லாம் வந்து போகும்.

நான் மருத்துவன் அல்லன். முப்பது ஆண்டுகளுக்கு மேலாக மலைப் பள்ளிகளில் வரலாறு கற்பித்தவன். பானிப்பட்டுப் போர் எந்த ஆண்டில் நடந்தது என்று கேட்டால் விடை சொல்லாத மாணவன் என் வகுப்பில் இருந்ததில்லை. ஆனால், பிள்ளை பெறும் காலத்தில் சோகையால் மாண்ட பல்லாயிரம் தாய்மார்களைக் காக்கும் வழி எந்த ஆண்டில், எவரால், எவ்வாறு காணப்பட்டது என்று நம் வரலாற்றுப் பாடநூல்கள் கேட்பதில்லை. கேட்கவேண்டும் என்பது என் கருத்து.

முதலில் பொருளை விளங்கிக்கொள்வோம். நம் உடலில் ஏறத்தாழ 5 லிட்டர் இரத்தம் ஓடுகிறது. அதில் ஒரு கன மில்லிமீட்டரில் மட்டும் சுமார் 50 லட்சம் சிவப்பணுக்கள் உள்ளன. அப்படியானால் உடல் முழுவதிலும் 25 லட்சம் கோடி. ஒரு சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாள். ஆகவே நாள்தோறும் நூற்றிருபதில் ஒரு பங்கு அணுக்கள் மடிகின்றன. அத்தனையும் நாள்தோறும் புதிதாகப் பிறக்கவேண்டும். கணக்கிட்டுப் பாருங்கள். ஒரு நாளைக்கு 20,000 கோடி. ஒரு நொடிக்கு 20 லட்சத்துக்கு மேல்! நாம் உறங்கும்போதும் எலும்பு மஜ்ஜை என்னும் தொழிற்சாலை இவ்வளவு பெரிய உற்பத்தியை ஓசையின்றி நடத்திக்கொண்டிருக்கிறது.

மஜ்ஜையில் உருவாகும் சிவப்பணுவுக்குத் தொடக்கத்தில் நடுக்கரு உண்டு. முதிர முதிர அது தன் கருவை வெளியே தள்ளிவிடுகிறது. கருவை இழந்த பின்னும் சில நாள் வரையில், புரதம் சமைப்பதற்கு வேண்டிய ஆர்.என்.ஏ. என்னும் பொருளின் மிச்சம் அதனுள் ஒட்டிக்கொண்டிருக்கும். இந்த நிலையிலேயே அது மஜ்ஜையிலிருந்து இரத்த ஓட்டத்தில் வந்து சேருகிறது. ஓரிரு நாளில் அந்த மிச்சமும் கரைந்து, முதிர்ந்த சிவப்பணு ஆகிவிடுகிறது. இந்தப் பருவத்து அணுவுக்கு ரெட்டிகுலோசைட் என்று பெயர். லத்தீன் மொழியில் ரெட்டிகுலம் என்றால் சிறு வலை. சாயம் ஏற்றினால் உள்ளே நீலநிறத்தில் வலைபோல் தெரிவதால் இப்பெயர். நாம் இதனை இளஞ்சிவப்பணு என்று அழைப்போம்.

நல்ல உடல்நிலையில் நூறு சிவப்பணுக்களுக்கு ஒன்று, சற்றுக் கூடவோ குறையவோ, இளஞ்சிவப்பணுவாக இருக்கும். நூற்றிருபது நாள் வாழ்வில் ஒரு நாள் இளமை என்றால் கணக்குச் சரியாக வருகிறதல்லவா? இந்த விகிதத்தை எண்ணத் தெரிந்தவனுக்கு மஜ்ஜை என்ன செய்கிறது என்பது தெரிந்துவிடும். சோகை பிடித்த ஒருவரின் இரத்தத்தில் இளம் அணுக்கள் மிகுந்திருந்தால், மஜ்ஜை உழைக்கிறது, ஆனால் இரத்தம் எங்கோ அழிகிறது அல்லது கசிகிறது என்று பொருள். இளம் அணுக்கள் குறைந்திருந்தால், தொழிற்சாலையே முடங்கிக் கிடக்கிறது என்று பொருள். ஊருக்குள் கிழவர்களை மட்டும் எண்ணினால் ஊரின் வருங்காலம் தெரியாது, தொட்டில்களை எண்ணவேண்டும்.

இந்த வலையை 1881-ஆம் ஆண்டில் பார்த்து எழுதியவர் ஜெர்மானிய விஞ்ஞானி பால் எர்லிக். மெதிலீன் நீலம் என்னும் சாயத்தை உயிருள்ள அணுக்களில் ஏற்றிப் பார்த்தவர் அவர். ஆயினும் அதை இளமையின் அடையாளமாக அவர் கொள்ளவில்லை. நலிந்து அழியும் அணுவின் அறிகுறி என்றே கருதினார். அமெரிக்காவில் தியோபால்டு ஸ்மித் என்பவர் 1891-ஆம் ஆண்டில், டெக்சாஸ் நாட்டு மாடுகளைத் தாக்கிய ஒருவகைக் காய்ச்சலை ஆராய்ந்தார். நோயால் இரத்தம் அழிந்த மாடுகளில் இவ்வணுக்கள் பெருகக் கண்டு, இவை புதிதாகப் பிறந்த அணுக்கள் என்று உணர்ந்தார். ஒரே உருவத்தை ஒருவர் மரணம் என்றார். மற்றவர் பிறப்பு என்றார். எர்லிக்கோ நோபெல் பரிசு பெற்ற மேதை. அவர் நோக்கியது சாயமேறிய அணுவை; ஸ்மித் நோக்கியது அந்த அணுவைச் சுமந்த மாட்டை. விஞ்ஞானம் பயிலும் மாணவர்கள் இந்த வேறுபாட்டைச் சற்று எண்ணிப் பார்க்கலாம்.

இனி எண்ணும் முறையைப் பார்ப்போம். நோயாளியின் இரத்தத்தில் சில துளிகளை நீலச் சாயத்தோடு கலந்து சிறிது நேரம் வைத்திருப்பர். பிறகு அதைக் கண்ணாடித் தகட்டில் மெல்லியதாக இழுத்துப் பூசி, உருப்பெருக்கியின் அடியில் வைத்து, ஆயிரம் சிவப்பணுக்களை ஒவ்வொன்றாக எண்ணுவர். அந்த ஆயிரத்தில் நீல வலை உடையவை எத்தனை என்று குறித்துக்கொள்வர். அவ்வளவுதான் முறை. சொல்வதற்கு எளிது. ஒருமுறை எண்ணி முடிப்பதற்குள் கண் பூத்துவிடும். இதை நாள்தோறும், நோயாளிக்கு நோயாளி, வாரக்கணக்கில் செய்தவர்களின் பொறுமையை நாம் மறத்தலாகாது.

அந்தப் பொறுமைக்குப் பலன் 1920-களில் கிடைத்தது. அக்காலத்தில் கொடிய சோகை என்று ஒரு நோய் இருந்தது. அது கண்டவர் பிழைப்பதில்லை. 1926-ஆம் ஆண்டில் பாஸ்டன் நகரத்தில் ஜார்ஜ் மைனாட், வில்லியம் மர்ஃபி என்னும் இரு மருத்துவர்கள், அந்நோய் கண்ட 45 பேருக்கு நாள்தோறும் ஆட்டு மாட்டு ஈரலை உணவாகக் கொடுத்து நலப்படுத்தியதை அறிவித்தனர். இவர்களும் ஜார்ஜ் விப்பிள் என்பவரும் 1934-ஆம் ஆண்டில் நோபெல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். ஈரல் உண்ட சில நாட்களிலேயே நோயாளியின் இரத்தத்தில் இளஞ்சிவப்பணுக்கள் திடீரெனப் பெருகி, பின் மெல்லத் தணிந்தன. மொத்தச் சிவப்பணுக்கள் கூடுவதற்கு வாரங்கள் ஆகும். இளம் அணுக்களோ ஒரு வாரத்துக்குள் செய்தி சொல்லிவிடும். மருந்து வேலை செய்கிறதா என்று அறிய இதைவிட விரைவான சாட்சி இல்லை.

இந்தச் சாட்சியை வைத்து வில்லியம் காசில் என்ற இளம் மருத்துவர் செய்த சோதனை வேடிக்கையும் வியப்பும் ஒருங்கே தருவது. நோயாளிக்குப் பத்து நாள் மாட்டிறைச்சி மட்டும் கொடுத்து நாள்தோறும் எண்ணினார். இளம் அணுக்கள் அசையவில்லை. அடுத்த பத்து நாள், 300 கிராம் இறைச்சியைத் தாமே உண்டு, ஒரு மணி நேரம் கழித்து அதை வயிற்றிலிருந்து வெளிக்கொணர்ந்து, பக்குவம் செய்து, குழாய் வழியாக நோயாளியின் வயிற்றில் செலுத்தினார். இளம் அணுக்கள் எழுந்தன! நலமுள்ளவரின் இரைப்பையில் சுரக்கும் ஏதோ ஒன்று அந்நோயாளிகளிடம் இல்லை என்பது இவ்வாறு வெளியாயிற்று. அருவருப்பாக இருக்கிறதே என்று முகம் சுளிக்கும் மாணவர்கள், அந்த நோயாளிகள் உயிர் பிழைத்தார்கள் என்பதையும் நினைவிற்கொள்ளவும்.

இப்போது நம் நாட்டுக்கு வருவோம். 1928-ஆம் ஆண்டில் லூசி வில்ஸ் என்னும் ஆங்கிலப் பெண் மருத்துவர் பம்பாய்க்கு வந்தார். அவர் பிறந்தது 1888-இல். கேம்பிரிட்ஜில் தாவர நூலும் நில நூலும் பயின்று, பிறகு மருத்துவம் கற்று, 1920-இல் தேர்ந்தவர். நம் நாட்டுக் கர்ப்பிணிகளைப் பற்றி நெடுங்காலம் ஆராய்ந்த மார்கரெட் பால்ஃபர் என்னும் மருத்துவ அம்மையாரின் தூண்டுதலே அவரை இங்கே அழைத்து வந்தது. பம்பாயில் துணி ஆலைத் தொழிலாளர் வீட்டுப் பெண்களும், ஏழை முஸ்லிம் குடும்பப் பெண்களும் கர்ப்ப காலத்தில் கடுஞ்சோகை கண்டு மாண்டுகொண்டிருந்தனர். அவர்களுடைய சிவப்பணுக்கள் எண்ணிக்கையில் குறைந்தும் உருவில் பெருத்தும் இருந்தன. பார்ப்பதற்குக் கொடிய சோகை போலவே இருந்தது; ஆனால் அது அன்று.

லூசி வில்ஸ் ஆராய்ச்சிக்கூடத்தோடு நின்றுவிடவில்லை. மேத்தா, தல்பதே என்னும் இந்திய உடனுழைப்பாளர்களோடு சேர்ந்து அப்பெண்கள் என்ன உண்கிறார்கள், எவ்வாறு வாழ்கிறார்கள் என்பதையும் ஆராய்ந்தார். 1930-இல் அவர்கள் வெளியிட்ட கட்டுரைகளில் நோயைவிட வறுமையே அதிகமாகத் தெரிகிறது. காய்கறியும் பழமும் பாலும் இறைச்சியும் அரிதாகவே அவ்வீடுகளில் நுழைந்தன. கிருமியைத் தேடிப் புறப்பட்டவர்களின் கையில் உணவுப் பட்டியல் அகப்பட்டது என்று சொல்லலாம்.

1929-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் அக்டோபர் வரையில் அவர் குன்னூர் பாஸ்டியர் ஆராய்ச்சி நிலையத்தில் இருந்து பணிபுரிந்தார். வெறிநாய்க்கடிக்கு மருந்து தயாரிக்க 1907-ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட நிலையம் அது; இன்றும் தடுப்பு மருந்துத் துறையில் அதன் பெயர் உண்டு. அதன் ஒரு பகுதியில் ராபர்ட் மக்காரிசன் என்பவர் உணவு ஆராய்ச்சி நடத்தி வந்தார். இந்தியாவின் பல பகுதி மக்கள் உண்ணும் உணவை வெள்ளெலிகளுக்குக் கொடுத்து வளர்த்துப் பார்த்தவர் அவர். கோதுமை ரொட்டியும் பாலும் காய்கறியும் பருப்பும் தின்ற எலிகள் கொழுகொழுவென்று வளர்ந்தன. தீட்டிய அரிசியே பெரும்பாலாகக் கொண்ட நம் சென்னை மாகாணத்து உணவைத் தின்ற எலிகளோ மெலிந்து நின்றன. சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் எலிக்கு மாகாணப் பற்று இல்லை. அந்த உணவு ஆராய்ச்சிக்கூடம் 1958-இல் ஹைதராபாத்துக்கு மாற்றப்பட்டு, 1969-இல் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் என்ற பெயர் பெற்றது. நம் நாட்டின் உணவு விஞ்ஞானம் முழுவதற்கும் தொட்டில் குன்னூர்தான் என்றால் மிகையாகாது.

1931-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் லூசி வில்ஸ் சென்னைக்கு வந்து, திருவல்லிக்கேணியில் உள்ள மகளிர் மருத்துவமனையில் பணியாற்றினார். அக்காலத்தில் அதற்குக் கோஷா மருத்துவமனை என்று பெயர். இதற்கிடையில் எலிகளையும் குரங்குகளையும் குறையுள்ள உணவில் வளர்த்துச் சோகையை உண்டாக்கிப் பார்க்கும் சோதனைகளும் நடந்தன. எலிச் சோதனையில் ஓர் இடையூறு நேர்ந்தது. பேன்கள் பரப்பிய ஒரு கிருமி எலிகளுக்குத் தானாகவே சோகையை உண்டாக்கி முடிவுகளைக் குழப்பிவிட்டது. குரங்குகளே தெளிவான விடை தந்தன. பிலிமோரியா என்பவரோடு சேர்ந்து அவர் எழுதிய 1932-ஆம் ஆண்டுக் கட்டுரை அந்தக் குரங்குச் சோதனையைப் பற்றியது.

மருந்தாக அவர் கையாண்டது மார்மைட். மதுபானம் வடிக்கும் சாலைகளில் மிஞ்சும் ஈஸ்ட்டிலிருந்து எடுக்கும் கரும்பழுப்புக் குழம்பு அது. இங்கிலாந்தில் ரொட்டியில் தடவித் தின்பார்கள். விலையும் மலிவு. அதைக் கொடுத்த சில நாளில் பெண்களுக்குப் பசி எடுத்தது. இளஞ்சிவப்பணுக்கள் உயர்ந்தன. நாள்தோறும் எண்ணிவந்த அந்த எண்கள்தாம், வந்தது தற்செயலான நலம் அன்று, மருந்தின் விளைவே என்பதை நிலைநாட்டின. 1931-ஆம் ஆண்டு ஜூன் மாதம் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் என்னும் ஏட்டில் இச்செய்தி வெளிவந்தது. கொடிய சோகைக்காகத் தூய்மை செய்யப்பட்ட ஈரல் சத்து இந்தச் சோகையைத் தீர்க்கவில்லை என்பதையும் அவர் பின்னர்க் கண்டார். ஆகவே ஈஸ்ட்டில் இருப்பது வேறொரு சத்து. அது இன்னதென்று தெரியாமையால் வில்ஸ் காரணி என்றே சில ஆண்டுகள் வழங்கிற்று.

அது என்ன சத்து? 1941-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் டன் கணக்கான பசலைக் கீரையிலிருந்து ஒரு பொருளைப் பிரித்தெடுத்து, இலையைக் குறிக்கும் லத்தீன் சொல்லால் அதற்கு ஃபோலிக் அமிலம் என்று பெயரிட்டனர். 1945-இல் அதை ஆராய்ச்சிக்கூடத்தில் செயற்கையாகச் செய்து முடித்தனர். அதைச் செய்த லெடர்லே நிறுவனத்துக் குழுவுக்குத் தலைவர் யார் தெரியுமா? எல்லப்பிரகட சுப்பாராவ், சென்னை மருத்துவக் கல்லூரியின் மாணவர். ஒத்துழையாமை இயக்க நாட்களில் கதர் அங்கி அணிந்து அறுவைக் கூடத்துக்குள் சென்று, ஆங்கிலப் பேராசிரியரின் சினத்துக்கு ஆளாகி, அதனால் முழுப் பட்டம் கிடைக்காமல் அதற்குக் கீழ்ப்பட்ட பட்டத்தோடு வெளியேறியவர். குன்னூரிலும் சென்னையிலும் பம்பாயிலும் தேடப்பட்ட சத்தை, சென்னையில் பட்டம் மறுக்கப்பட்டவர் கடல் கடந்து சென்று கண்டெடுத்தார். அவர் 1948-இல் தம் 53-ஆம் வயதில் மறைந்தார். லூசி வில்ஸ் 1964 வரையில் வாழ்ந்தார். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரையில் ஃபோலிக் அமிலமும் சேர்ந்திருப்பதன் பின்னணி இதுதான். தேசிய அளவில் அத்திட்டம் 1970-இல் தொடங்கிற்று. தேயிலை நாட்டில் வாழும் நமக்கு ஒரு குறிப்பும் சொல்லிவிடுகிறேன்: உணவோடு தேநீர் அருந்தினால், அதிலுள்ள துவர்ப்புப் பொருள் உணவின் இரும்புச்சத்து உடலில் சேர்வதைத் தடுக்கும். தேநீரைச் சற்றுத் தள்ளிக் குடியுங்கள். குடிக்கவேண்டாம் என்று கட்டபெட்டில் இருந்துகொண்டு நான் சொல்ல முடியாது!

எண்ணும் முறைக்கு மீண்டும் வருவோம். ஆயிரம் அணுக்களை எண்ணும்போது பத்து இளம் அணுக்கள் கிடைத்தன என்று கொள்வோம். அது நூற்றுக்கு 1. ஆனால் அதே இரத்தத்தில் வேறோர் ஆயிரத்தை எண்ணினால் ஏழு கிடைக்கலாம். மற்றோர் ஆயிரத்தில் பதினான்கு கிடைக்கலாம். புள்ளியியல் பயின்றவர்கள் அறிவார்கள்: பத்தின் வர்க்கமூலம் 3-க்குச் சற்று மேல், அதன் இருமடங்கை இருபுறமும் கொண்டால், விடை நான்குக்கும் பதினாறுக்கும் இடையில் எங்கும் இருக்கலாம். எண்ணுபவர் எவ்வளவு நேர்மையாக உழைத்தாலும் இந்தத் தடுமாற்றம் நீங்காது. ஏனெனில் அது கண்ணின் குறை அன்று, எண்ணிக்கையின் சிறுமை. முப்பதாயிரம் அணுக்களை எண்ணினால் முந்நூறு இளம் அணுக்கள் கிடைக்கும். முந்நூற்றின் வர்க்கமூலம் சுமார் 17. விடை 266-க்கும் 334-க்கும் இடையில் அடங்கிவிடும். ஆனால் முப்பதாயிரத்தை எந்த மனிதன் உட்கார்ந்து எண்ணுவான்?

அந்த வேலையைத்தான் ஃபுளோ சைட்டோமீட்டர் என்னும் பொறி செய்கிறது. அணுக்களை ஓடும் நீரில் வரிசையாக நிறுத்தி, ஒவ்வொன்றாக ஒளியின் குறுக்கே செலுத்தி அளக்கும் கருவி அது. தகட்டில் கிடக்கும் அணுவைத் தேடி மனிதன் கண் செல்வதற்குப் பதிலாக, நிலையாக இருக்கும் கண்ணின் முன் அணு ஓடி வருகிறது. இந்தக் கருத்து ஒரே நாளில் உதித்ததன்று. மான்ட்ரியல் நகரத்து ஆண்ட்ரூ மோல்டவன் 1934-இலேயே, நுண்குழாயில் ஓடும் அணுக்களை ஒளிமின்கலத்தால் எண்ணலாம் என்று எழுதினார். ஆனால் நுண்குழாய் அடைத்துக்கொள்ளும். அகன்ற குழாயிலோ அணுக்கள் கூட்டமாகச் செல்லும். 1953-இல் லண்டனில் கிராஸ்லாந்து டெய்லர் என்பவர் இதற்கு ஓர் அழகிய வழி கண்டார். அகன்ற குழாயில் வேகமாக ஓடும் தூய நீரின் நடுவே, அணுக்கள் கலந்த மெல்லிய தாரையைச் செலுத்தினார். சுற்றியுள்ள நீர் அத்தாரையை நெருக்கி நூல்போல் ஆக்கிவிட்டது. அணுக்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சென்றன. திருவிழாக் கூட்டத்தைக் கயிறு கட்டி வரிசையாக்குவதுபோல், இங்கே நீரே கயிறாயிற்று. அதே 1953-இல் அமெரிக்காவில் வாலஸ் கூல்ட்டர், சிறு துளை வழியே அணு செல்லும்போது மின்னோட்டம் மாறுவதைக் கொண்டு எண்ணும் பொறிக்கு உரிமை பெற்றார். 1965-இல் மாக் ஃபுல்வைலர் அணுக்களைத் தரம் பிரிக்கும் பொறியைச் செய்தார். 1968-இல் ஜெர்மனியில் வுல்ஃப்காங் கோடே ஒளிரும் சாயத்தை இம்முறையோடு இணைத்தார்.

இளஞ்சிவப்பணுவுக்கு இந்த ஒளிரும் சாயம்தான் முக்கியம். பழைய நீலச் சாயம் வலையாகத் திரண்டு கண்ணுக்குத் தெரிந்தது. புதிய பொறிக்கு வலை வேண்டியதில்லை; ஆர்.என்.ஏ.வோடு சேர்ந்தால் ஒளிரும் சாயம் போதும். 1986-ஆம் ஆண்டில் லீ, சென், சியூ என்னும் மூவர் தயசோல் ஆரஞ்சு என்ற சாயத்தை இதற்கென அறிமுகப்படுத்தினர். தனியாக இருக்கும்போது இச்சாயம் ஏறத்தாழ இருளாகவே இருக்கும், ஆர்.என்.ஏ.வைப் பற்றிய உடனே, நீல லேசர் ஒளி பட்டால் பச்சையாக ஒளிரும். முதிர்ந்த சிவப்பணு லேசர் முன் மங்கலாகக் கடந்து செல்லும். இளம் அணு மின்னிச் செல்லும். ஒளிமானி அந்த மின்னலை எண்ணாக மாற்றிக் கணிப்பொறியில் பதிக்கும். ஒரு நிமிடத்துக்குள் பல்லாயிரம் அணுக்களின் கணக்கு முடிந்துவிடும்.

இப்பொறி மற்றொன்றும் தந்தது. மின்னல் எவ்வளவு பிரகாசம் என்பதையும் அது அளப்பதால், இளையவற்றுள்ளும் மிக இளையவை எவை என்று பிரித்துக் காட்டுகிறது. இவ்வணுக்களை வலையின் அடர்த்தியைக் கொண்டு நான்கு பருவமாகப் பிரிக்கலாம் என்று ஹைல்மேயர் என்ற ஜெர்மானிய மருத்துவர் 1930-களின் தொடக்கத்திலேயே சொல்லியிருந்தார். ஆனால் கண்ணால் பார்த்துப் பிரிப்பதில் ஆளுக்கு ஆள் முடிவு மாறும். பொறி அந்த வழக்கைத் தீர்த்துவிட்டது. மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை பெற்றவர்களுக்குப் புதிய மஜ்ஜை வேர் ஊன்றுகிறதா என்பதை மிக இளைய இந்த அணுக்களே முதலில் அறிவிக்கின்றன. இன்று பெருநகர ஆய்வகங்களில் இரத்தம் எண்ணும் சாதாரணப் பொறிகளிலேயே இம்முறை அடங்கியிருக்கிறது. பொறி வந்துவிட்டது, உருப்பெருக்கியைப் பரண்மேல் போடலாம் என்று எண்ணிவிட வேண்டாம். மலேரியாக் கிருமி புகுந்த சிவப்பணுவும் சாயத்தால் ஒளிரும். கருவின் துணுக்கு மிஞ்சிய சிவப்பணுவும் ஒளிரும். பொறிக்கு ஒளி தெரியும். அதன் காரணம் தெரியாது. ஐயம் எழும்போது கண்ணாடித் தகட்டைப் பார்க்கத் தெரிந்த ஒருவர் வேண்டும்.

இனிக் கோத்தகிரிப் பக்கம் செல்வோம். 1952-ஆம் ஆண்டில் ஹெர்மன் லேமன், மேரி கட்புஷ் என்னும் இருவர் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஒரு செய்தி வெளியிட்டனர். நீலகிரிப் பழங்குடி மக்களிடையே அரிவாளணுத் தன்மை காணப்படுகிறது என்பதே அது. லேமன் ஜெர்மனியில் பிறந்து இங்கிலாந்தில் குடியேறியவர். உலகப்போர்க் காலத்தில் இராணுவ மருத்துவராக இந்தியாவில் இருந்தவர். அதுவரையில் இந்நோய் ஆப்பிரிக்க வழியினருக்கே உரியது என்று உலகம் எண்ணிக்கொண்டிருந்தது. அதே ஆண்டில் அஸ்ஸாம் தேயிலைத் தோட்டத் தொழிலாளரிடையேயும் இது கண்டறியப்பட்டது. பின்னர் நடந்த ஆய்வுகளில் இருளர், குறும்பர், பணியர் ஆகியோரிடையே இத்தன்மை மிகுதியாக இருப்பது தெரியவந்தது. நம் மலையின் அடிவாரக் காடுகளும் வயநாட்டுப் பகுதியும் மலேரியாவுக்குப் பேர்போனவை. தாய் தந்தை இருவருள் ஒருவரிடமிருந்து மட்டும் இத்தன்மையைப் பெற்றவர்களை மலேரியா எளிதில் கொல்லாது என்று 1954-இல் ஆலிசன் என்பவர் ஆப்பிரிக்காவில் கண்டார். ஆக, காட்டில் வாழ்ந்தவர்களின் முன்னோரைக் காத்த அதே தன்மை, இருபுறமும் வந்து சேர்ந்த குழந்தையை வருத்துகிறது.

அக்குழந்தையின் சிவப்பணுக்கள் பிராணவாயு குறையும்போது அரிவாள்போல் வளைந்து, நுண்குழாய்களில் சிக்கி, தாங்கொணா வலியை உண்டாக்கும். 120 நாள் வாழவேண்டிய அணு 10 முதல் 20 நாளில் மடியும். மஜ்ஜை பலமடங்கு உழைத்து ஈடு செய்யும். ஆதலால் இவர்களுடைய இரத்தத்தில் இளஞ்சிவப்பணுக்கள் எப்போதும் மிகுதியாகவே இருக்கும். நூற்றுக்குப் பத்துக்கு மேலும் இருப்பதுண்டு. 1958-ஆம் ஆண்டில் மருத்துவர் எஸ். நரசிம்மன் கோத்தகிரியில் தொடங்கிய நீலகிரி ஆதிவாசிகள் நலச் சங்கமும், கூடலூரில் உள்ள ஆதிவாசி மருத்துவமனையும் காட்டுக் குடியிருப்புகள்தோறும் சென்று இந்நோய் கண்டவர்களைத் தேடிச் சிகிச்சை அளித்து வந்தன. 2023-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் மத்திய அரசு நாடு முழுவதற்குமாக அரிவாளணுச் சோகை ஒழிப்புத் திட்டத்தைத் தொடங்கியது.

இந்தக் குழந்தைகளுக்கு ஓர் ஆபத்து உண்டு. அதை எண்ணிக்கை மட்டுமே காட்டிக்கொடுக்கும். 1975-ஆம் ஆண்டில் லண்டனில் இவான் காசார்ட் என்னும் பெண் விஞ்ஞானி, இரத்தச் சோதனை மாதிரிகளில் புதியதொரு வைரசைக் கண்டார். அது இருந்த மாதிரியின் குறியீடு பி19. அதுவே வைரசின் பெயராகவும் நிலைத்துவிட்டது. நலமுள்ள குழந்தைக்கு அது வந்தால் சிறு காய்ச்சலும் கன்னச் சிவப்பும் வந்து போகும்; மஜ்ஜையில் சிவப்பணு பிறப்பதை ஒரு வாரம் அளவு நிறுத்திவைக்கும். 120 நாள் வாழும் அணுக்களை உடையவருக்கு ஒரு வார நிறுத்தம் தெரியவே தெரியாது. 15 நாளில் அணுக்களை இழக்கும் குழந்தைக்கோ அந்த ஒரு வாரத்தில் பாதி இரத்தம் போய்விடும். 1981-இல்தான் இந்த வைரசுக்கும் அரிவாளணுக் குழந்தைகளின் திடீர்ச் சோகைக்கும் உள்ள தொடர்பு கண்டுபிடிக்கப்பட்டது.

அப்படிப்பட்ட குழந்தை காய்ச்சலோடும் வெளிறிய முகத்தோடும் மருத்துவமனைக்கு வந்தால், வழக்கமான இரத்தக் குறைவா, மஜ்ஜை முடங்கிய நிலையா என்பதை முகத்தைப் பார்த்துச் சொல்ல இயலாது. நூற்றுக்குப் பத்தாக இருந்த இளஞ்சிவப்பணுக்கள் நூற்றுக்கு அரைக்கும் கீழே விழுந்திருந்தால், மருத்துவர் காலம் தாழ்த்தாமல் இரத்தம் ஏற்ற ஏற்பாடு செய்வார். வீட்டிலுள்ள மற்றக் குழந்தைகளுக்கும் அதே நோய் இருந்தால் அவர்களையும் அழைத்து வரச் சொல்வார். பிறகு நாள்தோறும் எண்ணி வருவார்கள். ஒரு வாரமோ பத்து நாளோ கழித்து, ஒருநாள் காலை அந்த எண் மேலே ஏறத் தொடங்கும். மிக இளைய அணுக்களே அதில் முதலில் மின்னும். அன்று முதல் அக்குழந்தைக்குப் பிறர் இரத்தம் வேண்டியதில்லை.